திருடனைப் பிடிக்கப் போட்ட சின்னக் கோடு

பதினோரு நாள் ஒரு நல்ல மனிதரைத் திருடன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாம் நாள் அதை மைக்கில் சொன்னேன்.

மனசுக்குள் நினைத்ததோடு நிறுத்தியிருந்தால் எனக்கும் அவருக்கும் எந்த நஷ்டமும் வந்திருக்காது. ஆனால் ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. இரண்டு வருஷம் எதுவும் கண்டுபிடிக்காமல் இருப்பார்கள். மூன்றாவது வருஷம் ஏதாவது ஒன்று தட்டுப்பட்டுவிட்டால், அடுத்த நிமிஷமே ஊரில் உள்ள அத்தனை பேரும் அதைத் திருடத்தான் அலைகிறார்கள் என்று தோன்ற ஆரம்பித்துவிடும். எனக்கு அந்த வியாதி கொஞ்சம் முற்றிய நிலையில் வந்தது.

அப்போது நான் புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் கணிதத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். பாடம் சார்புப் பகுப்பாய்வு. ஆங்கிலத்தில் பங்ஷனல் அனாலிசிஸ். கீரமங்கலத்தில் சொந்தக்காரர்களிடம் ஆங்கிலப் பெயரைச் சொன்னது என் தப்பு. "என்ன பங்ஷனுத்தா? காதுகுத்தா, வளைகாப்பா?" என்று சின்னம்மா கேட்டார். (இன்றைக்கும் அவர் நான் கேட்டரிங் படித்ததாகத்தான் நம்புகிறார்.)

உண்மையில் விஷயம் அவ்வளவு பயங்கரமில்லை. ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டுக்கு விடை ஒற்றை எண் அல்ல. ஒரு முழு வளைவு. ஒரு பொருள் இன்றிலிருந்து அடுத்த வருஷம் வரை எப்படி ஏறும், எப்படி இறங்கும் என்ற வரைபடம். அப்படிப்பட்ட வளைவுகள் எல்லாவற்றையும் ஒரு ஊரின் ஆட்களைப்போல நிறுத்திவைத்து, இவருக்கும் அவருக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று அளப்பதுதான் எங்கள் வேலை.

நான் எடுத்துக்கொண்ட பொருள் எங்கள் தோட்டத்து ஆழ்துளைக் கிணறு. அப்பா முல்லையும் மல்லிகையும் போட்டிருந்தார். இன்று பெய்யும் மழை இன்றே கிணற்றுக்கு வருவதில்லை, சில வாரம் கழித்து வருகிறது. இன்று இறைத்த தண்ணீரின் குறை நாளைக்கல்ல, பிறகு தெரிகிறது. இந்தத் தாமதத்தைச் சேர்த்தால் சமன்பாடு சிக்கலாகும். போதாததற்கு அது நேரிலாச் சமன்பாடு. நேரியல், நேரிலா என்பதை அப்பாவுக்கு விளக்க முயன்றபோது அவர்தான் எனக்கு விளக்கினார்.

"ஒரு போருல ரெண்டு மோட்டாரு மாட்டுனா ரெண்டு பங்கு தண்ணியா வரும்?"

"வராதுப்பா."

"அப்ப அதுதான நீ சொல்றது?"

அதேதான். அவர் தொடர்ந்தார். "சரி, நீ என்னத்தா கண்டுபிடிச்ச?"

"மழையும் இறைப்பும் தெரிஞ்சுட்டா தண்ணி மட்டம் போற பாதை ஒண்ணே ஒண்ணுதான் இருக்க முடியும்னு நிரூபிச்சிருக்கேன்."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "அது எங்களுக்கே தெரியுமே. வத்தும். அம்புட்டுத்தான."

மூன்று வருஷ உழைப்பை இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டார். ஆனாலும் எனக்கு அந்தத் தேற்றம் பொன்னாகத்தான் தெரிந்தது. ஆராய்ச்சிக்கான கால நீட்டிப்பு முடிய மூன்று மாதம்தான் பாக்கி. எங்கள் துறை நடத்தும் மாநாட்டில் இந்தக் கட்டுரையை வாசித்தால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும். இல்லையென்றால் மறுபடி கட்டணம் கட்டி, மறுபடி கெஞ்சி, மறுபடி எல்லோரும் "இன்னும் முடியலையா?" என்பதைக் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டும்.

இந்த நேரத்தில்தான் விடுதியில் என் அறைத்தோழி ரேவதி அக்கா ஒரு கதை சொன்னார். அவருக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் கட்டுரையை யாரோ படமெடுத்துத் தன் பெயரில் வெளியிட்டுவிட்டானாம். "நீ பச்சப்புள்ளயா இருக்க. பாத்து இருடி" என்றார். நான் பார்த்து இருக்கத் தொடங்கினேன்.

மறுநாளே பலன் கிடைத்தது. கல்லூரி வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்கு ஏதோ விண்ணப்பத்தை நகலெடுக்கப் போனேன். கடைக்காரர் முத்து அண்ணன் இயந்திரத்தின் மூடியைத் தூக்கினார். உள்ளே யாரோ மறந்துவிட்டுப் போன ஒரு தாள். என் கையெழுத்து! என் கிணற்றுச் சமன்பாடு! ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி!

"அண்ணே, இது எப்படி இங்க வந்துச்சு?"

"இப்பத்தாம்மா ஒருத்தரு ஒரு கட்டு கொண்டாந்து ரெண்டு காப்பி போட்டுட்டுப் போறாரு. கட்டம் போட்ட சட்ட. கண்ணாடி போட்டிருப்பாரு."

நான் அந்தக் கட்டுரையை என் நெறியாளரிடம் மட்டும்தான் கொடுத்திருந்தேன். என் நெறியாளர் கட்டம் போட்ட சட்டை போடுபவர் அல்ல. வெள்ளை தவிர வேறு நிறம் இருப்பதே அவருக்குத் தெரியாது. அப்படியானால் அவர் மேஜையிலிருந்து யாரோ எடுத்திருக்கிறார்கள்.

மாநாட்டுக்குப் பதினோரு நாள் இருந்தது. அன்று சாயங்காலம் நூலகத்தில் அந்தக் கட்டம் போட்ட சட்டையைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். பழைய ஆய்விதழ்கள் இருக்கும் மூலையில் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கமாகப் போனதும் நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு, நோட்டை மூடினார்.

மூடினார் என்பதைக் கவனிக்கவும். ஒரு மனிதன் நோட்டை மூடுவதற்கு உலகத்தில் நூறு காரணம் இருக்கலாம். எனக்கு ஒன்றுதான் தெரிந்தது.

அடுத்த நான்கு நாளும் நான் நூலகத்தில் இரண்டு அலமாரிகளுக்கு நடுவே நின்று அவரை வேவு பார்த்தேன். (அந்த நான்கு நாளில் படித்திருந்தால் பின்னால் வந்த பாதி அவமானத்தைத் தவிர்த்திருக்கலாம்.) பென்சிலைக் காதில் செருகுவார். சிரிப்பார். தலையாட்டுவார். என் கட்டுரையில் சிரிக்க எதுவும் கிடையாது என்பதால் அது திருட்டுச் சிரிப்பு என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை ஊருக்குப் போக பஸ் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, பையை மேலே கம்பித்தட்டில் வைத்தேன். பையில் கட்டுரையின் முழுப் பிரதியும் இருந்தது. பஸ் கிளம்பும் நேரத்தில் ஓடிவந்து ஏறினார், கட்டம் போட்ட சட்டை. என்னைப் பார்த்து லேசாகப் புன்னகை வேறு செய்தார். எனக்குப் பின்னால் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தார். நடத்துநரிடம் அவர் "கட்டுமாவடி போகணும், இதுல எது வரைக்கும் போகலாம்?" என்று கேட்டது காதில் விழுந்தது. கட்டுமாவடிக்காரர்கள் அறந்தாங்கி வழியாகத்தானே போவார்கள்? இவர் ஏன் என் பஸ்ஸில் வருகிறார்?

திருவரங்குளம் வந்தது. யாரோ இறங்கினார்கள். நான் யோசிக்கவே இல்லை. கூட்டத்தோடு கூட்டமாகக் குதித்து இறங்கி, நேராகச் சிவன் கோயிலுக்குள் போய் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். பஸ் அவரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அப்பாடா என்று பையை இறக்கி வைக்கப் போனபோதுதான் கை காலியாக இருப்பது தெரிந்தது.

பை பஸ்ஸிலேயே இருந்தது.

அடுத்த பஸ்ஸில் கீரமங்கலம் போய் இறங்கியபோது அப்பா பேருந்து நிலையத்தில் நின்றிருந்தார். கையில் என் பை.

"ஒரு தங்கமான மனுசன்த்தா. பையில இருந்த ஒன்னோட அடையாள அட்டையப் பாத்து, நம்பருக்குப் போன் போட்டு, இங்க எறங்கிக் காத்திருந்து குடுத்துட்டுப் போறாரு. டீ வாங்கிக் குடுத்தேன். கட்டுமாவடிக்காரராம். அறந்தாங்கி பஸ்ஸ விட்டுட்டு இங்கிட்டு வந்தாராம்."

"யாரு? கட்டம் போட்ட சட்டையா?"

"ஆமா. கணக்கு வாத்தியாராம்."

இந்த மாவட்டத்தில் எத்தனை லட்சம் பேர் இருக்கிறார்கள்! என் பையை எடுத்தவர் கணக்கு வாத்தியாராகவா இருக்க வேண்டும்?

"வேற என்ன கேட்டாருப்பா?"

"நம்ம போரப் பத்திக் கேட்டாரு. எத்தன அடி, மழை பேஞ்சா எத்தன நாள்ல தண்ணி ஏறும்னு. நானும் எல்லாத்தையும் சொன்னேன்."

"எல்லாத்தையுமா?"

"கேட்டா சொல்ல வேணாமா?"

திருடனுக்கு டீயும் கொடுத்து, தரவும் கொடுத்து அனுப்பியிருக்கிறார் என் அப்பா.

திங்கட்கிழமை நெறியாளரிடம் போய் முறையிட்டேன். "சார், என் கட்டுரையை ஒருத்தர் எடுத்து நகல் போட்டிருக்கார். கட்டம் போட்ட சட்டை போட்டவர்." அவர் எதையோ அடக்குகிற மாதிரி இருமினார். "அப்படியாம்மா? நீ பேப்பர நல்லாத் திரும்பப் படி. அதான் முக்கியம்" என்றார்.

வெளியே வந்ததும் நான் முடிவுக்கு வந்தேன். சாரும் கூட்டு.

இனி என்னை நானேதான் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். அன்றிரவு விடுதியில் என் மூளையில் ஒரு திட்டம் உதித்தது. அதை இன்று நினைத்தாலும் எனக்குக் காது சூடாகிறது.

என் நிரூபணம் நிலைப்புள்ளித் தேற்றத்தின் மேல் நின்றது. ஒரு விதியின்படி ஊரில் உள்ள எல்லா வளைவுகளையும் இடம் மாற்றுகிறோம். மாற்றிய பிறகு எந்த இருவருக்கும் இடையே உள்ள தூரம், முன்பு இருந்ததில் ஒரு குறிப்பிட்ட பங்காகச் சுருங்க வேண்டும். அந்தப் பங்கு ஒன்றைவிடக் குறைவாக இருந்தால், நகராமல் நின்ற இடத்திலேயே நிற்கும் ஒரே ஒரு ஆள் கட்டாயம் இருப்பார். அவர்தான் நமக்கு வேண்டிய விடை. "ஒன்றைவிடக் குறைவு" என்பதுதான் உயிர்நாடி. அந்தக் குறிக்கு அடியில் ஒரு சின்னக் கோடு போட்டால் "குறைவு அல்லது சமம்" என்று ஆகிவிடும். தேற்றம் செத்துவிடும்.

நான் அந்தக் கோட்டைப் போட்டேன். திட்டம் இதுதான்: கோடு போட்ட ஒரு போலிப் பிரதி தயாரித்து, அதைத் திருடன் எடுக்கும்படி வைப்பது. அவன் அதை நம்பி எங்காவது எழுதினாலோ பேசினாலோ, கோட்டை வைத்துப் பிடித்துவிடுவது. ரேவதி அக்காவே அசந்துபோனார். "ஏய், நீ போலீஸுக்குப் போயிருக்கலாம்டி!"

அத்தோடு நிறுத்தவில்லை. கணினியில் இருப்பதையும் யாராவது திருடலாம் அல்லவா? அதனால் மாநாட்டுத் திரையில் போடும் காட்சிப்படத்தையும் இரண்டாக்கினேன். கோடு போட்ட பொய்யான கோப்புக்கு "ஒரிஜினல்" என்று பெயர் வைத்தேன். சரியான கோப்புக்கு "பழசு" என்று பெயர் வைத்தேன். திருட வருகிறவன் எதை எடுப்பான்? ஒரிஜினலைத்தான் எடுப்பான். எப்படி என் சாமர்த்தியம்!

புதன்கிழமை போலிப் பிரதியை நூலக மேஜையில் மறந்ததுபோல் வைத்துவிட்டு வெளியே போனேன். கால் மணி நேரம் கழித்து வந்தேன். காணோம். மூலையில் கட்டம் போட்ட சட்டை காதில் பென்சிலோடு உட்கார்ந்திருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் கை தட்ட வேண்டும்போல இருந்தது.

வெள்ளிக்கிழமை மாநாடு. "நேரியல், நேரிலாச் சார்புப் பகுப்பாய்வும் வகைக்கெழுச் சமன்பாடுகளில் அதன் பயன்பாடுகளும்" என்று வாசலில் பெரிய பேனர். அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். அம்மா பட்டுப்புடவையில், ஒரு சரம் மல்லிகையோடு. (பங்ஷன் என்றால் பங்ஷன்தான்.) இரண்டாவது வரிசையில் அவர் இருந்தார். அன்றும் கட்டம் போட்ட சட்டைதான். வேறு நிறக் கட்டம்.

மேடையேறி, பென்டிரைவைச் செருகி, கை தன்னால் போய் "ஒரிஜினல்" என்ற பெயரை அழுத்தியது. உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. கிணற்றைப் பற்றிப் பேசினேன், தாமதத்தைப் பற்றிப் பேசினேன், திரையைத் திரும்பிப் பார்க்காமல் இரண்டாவது வரிசையையே முறைத்துக்கொண்டு இருபது நிமிஷம் பேசினேன். முடித்ததும் கேள்வி நேரம். அவர் எழுந்தார்.

"நல்லா இருந்துச்சும்மா. ஒரு சின்ன சந்தேகம். அந்தச் சுருக்கப் பங்கு ஒண்ணுக்குச் சமமா இருக்கலாம்னு போட்டிருக்கீங்க. அப்படி வச்சா தேற்றம் நிக்காதே? எங்க கட்டுமாவடிக் கரையில வரிசையா நிக்கிற அத்தன பேரையும் ஒரு அடி வடக்க தள்ளி நிக்கச் சொல்றோம்னு வைங்க. ஒருத்தருக்கொருத்தர் தூரம் மாறாது. ஆனா நின்ன எடத்துல நிக்கிறவரு ஒருத்தர்கூட இருக்க மாட்டாரே?"

அரங்கத்தில் சிலர் ரசித்துச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பன்னிரண்டு நாள் காத்திருந்த தருணம். மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்தேன்.

"அந்தக் கோடு எங்க இருக்குன்னு சொல்ல முடியுங்களா?"

"கோடா? அந்தக் குறிக்கு அடியில..."

"அது நான் வேணும்னே வச்ச தப்பு சார்! திருடனைப் பிடிக்க வச்சது! என் கட்டுரையில அந்தக் கோடே கிடையாது. நான் நூலகத்துல வச்ச போலித் தாள்ல மட்டும்தான் இருக்கு. அப்ப அந்தத் தாளை எடுத்தது யாரு? ஜெராக்ஸ் போட்டது யாரு? என் பையோட போனது யாரு?"

அத்தனை தலையும் அவர் பக்கம் திரும்பியது. வெற்றி என்றுதான் நினைத்தேன். அவர் கோபப்படவில்லை. மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, எனக்குப் பின்னால் கையைக் காட்டினார்.

"திரையில இருக்கும்மா."

திரும்பினேன். பத்தடி உயரத் திரையில், என் சுண்டு விரலை விடப் பெரிதாக, கறுப்பாக, தெளிவாக இருந்தது அந்தக் கோடு. அரங்கத்தில் கண் இருந்த அத்தனை பேரும் அதை இருபது நிமிஷமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

கடைசி வரிசையில் அப்பா எழுந்து நின்றார். மைக் இல்லாமலேயே அவர் குரல் எல்லோருக்கும் கேட்டது. "ஏத்தா செல்வி! அவருதாந்த்தா பைய குடுத்த மனுசன்! அவரப் போயி என்னத்தா சொல்ற?"

நெறியாளர் மெல்ல மேடையேறி, மைக்கை என் கையிலிருந்து வாங்கினார். என் ஆய்வுக் குழுவில் ஓய்வு பெற்ற உறுப்பினருக்குப் பதிலாகப் புதிதாக நியமிக்கப்பட்டவர் இவர், பெயர் சிங்காரவேலு, அறந்தாங்கிப் பக்கம் பேராசிரியர் என்று அறிமுகம் செய்தார். மாநாட்டுக்கு முன்னால் நம் நூலகத்தில் உட்கார்ந்து கட்டுரையை ஒருமுறை நுணுக்கமாகப் பார்த்துக்கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டதும், நகல் எடுக்கக் கொடுத்ததும் தான்தான் என்றார். குழுவினர் முன்கூட்டியே மாணவியிடம் பேசக் கூடாது என்று அவர் ஒதுங்கியே இருந்தாராம்.

நான் மேடையிலிருந்து எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. கூட்டம் தேநீருக்குக் கலைந்தபோது நான் மாடிப்படிக்குக் கீழே துடைப்பங்கள் வைத்திருக்கும் இடத்தில் நின்று அழுதுகொண்டிருந்தேன். ஆய்வுப் பட்டம் போனது, கால நீட்டிப்பு போனது, அப்பா மானம் போனது. சிங்காரவேலு சார் இரண்டு தேநீர்க் கோப்பையோடு தேடிக்கொண்டு வந்தார்.

"சார், மன்னிச்சிருங்க சார்."

"அது கெடக்கட்டும்மா. உண்மையான தப்பு ஏழாம் பக்கத்துல இருக்கு. அத சொல்லத்தான் பத்து நாளா தவிச்சுக்கிட்டிருக்கேன்."

அழுகை சட்டென்று நின்றுவிட்டது. அவர் கட்டம் போட்ட சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, என் தாளின் பின்பக்கத்தில் எழுதினார். நான் கணக்கிட்ட சுருக்கப் பங்கு, கொஞ்ச நாளைக்குத்தான் ஒன்றைவிடக் குறைவாக இருக்கும். நாள் நீள நீள அது ஒன்றைத் தொட்டுத் தாண்டிவிடும். அதாவது எங்கள் கிணற்றின் அடுத்த சில வாரங்களுக்குத்தான் என் நிரூபணம் செல்லும். அதற்குப் பிறகு செல்லாது. திருடனுக்கு நான் வைத்த பொய்யான கோடு, என் சொந்தக் கட்டுரையில் மெய்யாகவே இருந்திருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய நாட்களில் அலமாரிக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"அப்ப எல்லாம் போச்சா சார்?"

"ஏன் போகுது? தூரத்த அளக்குற விதத்த மாத்துங்க. எல்லா நாளுக்கும் ஒரே எடை போடுறீங்க. ரொம்பத் தள்ளி இருக்குற நாளுக்குக் கொஞ்சங்கொஞ்சமா எடையக் கொறச்சுப் பாருங்க. அதே வளைவு, அதே விதி. பங்கு ஒண்ணுக்குக் கீழ வந்துரும்."

போட்டுப் பார்த்தேன். வந்துவிட்டது. அந்த மாடிப்படிக்குக் கீழேயே, தேநீர் ஆறுவதற்குள் வந்துவிட்டது. சந்தேகமே படாமல் அவரிடம் ஒரு வார்த்தை பேசியிருந்தால் முதல் நாளே வந்திருக்கும். (நூலகத்தில் காணாமல் போன போலிப் பிரதி எங்கே என்று கேட்பீர்கள். நூலக உதவியாளர் அதில் பஜ்ஜியின் எண்ணெயை ஒற்றி எடுத்திருந்தார். பாவம், அவரை நான் சந்தேகப்படவே இல்லை.)

குறித்த நாளுக்கு இரண்டு நாள் முன்னால் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தேன். வாய்மொழித் தேர்வில் எல்லோரும் கேட்டு முடித்த பிறகு சிங்காரவேலு சார் கையைத் தூக்கினார். "ஒரே ஒரு கேள்வி. இந்த ஆய்வேட்டுல தெரியாம வந்த தப்பு இருந்தா நான் சொல்லிருவேன். வேணும்னே வச்சது ஏதும் இருந்தா நீங்களே சொல்லிருங்கம்மா." தேர்வு அதோடு முடிந்தது. சிரித்து முடிக்கத்தான் கொஞ்ச நேரமானது.

வீட்டில் மட்டும் அது முடியவே இல்லை. குழம்பில் உப்பு கூடினால் அம்மா அசராமல், "திருடனப் பிடிக்க வச்சதுடி" என்பார். அப்பா மோட்டாரை நிறுத்த மறந்து பாத்தி மூழ்கினாலும் அதே பதில்தான். இப்போது நான் வகுப்பில் கரும்பலகையில் தப்பு செய்தால் மாணவிகளும் அதையே சொல்கிறார்கள். யார் சொல்லிக்கொடுத்தது என்று தெரியவில்லை, எனக்கு யார்மீதும் சந்தேகப்பட இப்போது தைரியமில்லை.

சிங்காரவேலு சார் எங்கள் குடும்பத்தில் ஒருவராகிவிட்டார். கட்டுமாவடியிலிருந்து வரும்போதெல்லாம் மீன் கொண்டுவருவார், அப்பாவோடு கிணற்றைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். ஆனால் வீட்டில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மரியாதைக்குக் குறைவில்லாமல் வேறொரு பெயர் வைத்துவிட்டார்கள். என் கல்யாணத்தன்று அவர் மண்டபத்துக்குள் நுழைந்ததும், பந்தி நடக்கும் இடத்திலிருந்து அம்மா எல்லோருக்கும் கேட்கும்படி சத்தம் போட்டார்.

"ஏங்க, நம்ம திருடர் வந்துட்டாரு! மொத வரிசையில எலையப் போடுங்க!"

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அத்தனை பேரின் கையும் ஒரே நேரத்தில் கழுத்துச் சங்கிலிக்குப் போனது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே, கும்பிட்டபடி வந்து, முதல் இலையில் உட்கார்ந்தார்.